ஆறும் அடுப்பின் வரலாறு

1940 ஜனவரி 23 அன்று, சிகாகோவில் வசித்த ஒரு மின்பொறியாளருக்கு அமெரிக்க அரசு சமையல் கருவி ஒன்றுக்கான காப்புரிமையை வழங்கியது. அதன் எண் 2,187,888. விண்ணப்பத்தை அவர் 1936-லேயே கொடுத்திருந்தார். கருவியின் அமைப்பு எளியது. வெளியே ஓர் உறை, உள்ளே ஒரு பாத்திரம், இரண்டுக்கும் நடுவில் பாத்திரத்தைச் சுற்றி ஓடும் மின்கம்பி. அடிப்பக்கம் மட்டும் காய்ந்து தீயாமல், நாலாபுறமிருந்தும் ஒரே சீராக, குறைந்த சூடு நீண்ட நேரம் இறங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்று ஸ்லோ குக்கர் என்று உலகமெங்கும் விற்கும் பாத்திரத்துக்கு மூலம் இதுவே. கண்டுபிடித்தவரின் பெயர் இர்விங் நாக்ஸன்.

யோசனை எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாக்ஸனின் தாய் தமாரா, லித்துவேனியாவின் வில்னா பகுதியில் வளர்ந்த யூதப் பெண். அவர் சிறுமியாக இருந்தபோது வெள்ளிக்கிழமை பிற்பகலில் வீட்டிலிருந்து ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவிலிருந்த ரொட்டிக்கடைக்குப் போவார். சட்டிக்குள் காய்ந்த பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, வெங்காயம். கையில் காசிருந்த வாரம் மாட்டு நெஞ்சுக்கறியும் நல்லி எலும்பும். ரொட்டிக்கடைக்காரர் அன்றைய ரொட்டியெல்லாம் எடுத்து முடித்திருப்பார். விறகு போடுவதை நிறுத்திவிட்ட அந்தப் பெரிய செங்கல் அடுப்புக்குள் ஊர்ச்சட்டிகள் வரிசையாகப் போகும். வாயை மூடிக் களிமண் பூசிவிட்டால் மறுநாள்வரை திறப்பதில்லை. அடுப்பு ஆற ஆற, சட்டிக்குள் இருப்பது வெந்துகொண்டே இருக்கும். அந்தப் பண்டத்துக்கு சோலண்ட் என்று பெயர்.

ஸ்லோ குக்கர் வாங்கியவர்களில் பலர் சில வாரங்களில் அதைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். கறி சப்பென்று இருக்கிறது, குழம்பு நீர்த்துவிட்டது, கிழங்கு வேகவில்லை, வெங்காயம் பச்சை வாசனை அடிக்கிறது என்று குறைகள் நீளும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கான காரணம் வில்னாவின் ரொட்டி அடுப்புக்கும் நாக்ஸனின் மின்பாத்திரத்துக்கும் நடுவே நடந்த ஒரே ஒரு மாற்றத்தில் இருக்கிறது. பழைய அடுப்பு உச்சச் சூட்டில் தொடங்கி ஆறியது. புதிய பாத்திரம் குளிர்ந்த நிலையில் தொடங்கிச் சூடேறுகிறது. இந்தத் திசைமாற்றம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டவருக்கு அந்தப் பாத்திரத்தில் சமைப்பது கடினமே இல்லை.

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்போது முடிகிறது. அந்த நாளில் வீட்டில் தீ மூட்டக்கூடாது என்கிறது யாத்திராகமம். சமைக்கவும் கூடாது. ஆனால் ஓய்வுநாள் மகிழ்ச்சிக்குரிய நாள், அன்று நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பதும் மரபு. தீ மூட்டாமல் சூடான சாப்பாட்டுக்கு வழி என்ன?

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூலில் இதற்காகவே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வெந்த பாத்திரத்தை எதற்குள் புதைத்து வைக்கலாம், எதற்குள் வைக்கக்கூடாது என்று அது பட்டியலிடுகிறது. பிண்ணாக்கு, எரு, உப்பு, சுண்ணாம்பு, மணல் ஆகியவை ஆகாது. ஈர வைக்கோலும் ஆகாது. காய்ந்த வைக்கோல் ஆகும். துணி, தானியம், புறா இறகு, மரத்தூள் ஆகும். முதல் வகை தன் பங்குக்கும் சூட்டைக் கூட்டும். இரண்டாம் வகை இருக்கிற சூட்டை வெளியே விடாமல் காக்கும். ஈர வைக்கோலைப் போராக அடைந்தால் உள்ளே கொதிக்கும் என்பதை நம் ஊரில் எந்த விவசாயியும் சொல்வார். பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் இதை ஒரு சட்டநூல் இத்தனை நுட்பமாகப் பிரித்துப் பார்த்திருப்பது வியக்கத்தக்கது. சூட்டைக் கூட்டுவது வேறு, காப்பது வேறு என்ற இந்தப் பிரிவினைதான் மெதுவான சமையலின் முழு இலக்கணமும்.

அடுப்பில் விட்டுவைக்கும் பண்டம் ஓய்வுநாள் தொடங்குமுன் எந்த அளவு வெந்திருக்க வேண்டும் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. பென் துருசாய் என்ற கொள்ளைக்காரனின் பெயரை, மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தால்முத் சொல்கிறது. துரத்தலுக்குப் பயந்து அவசர அவசரமாக, கறி மூன்றில் ஒரு பங்கோ பாதியோ வெந்ததுமே தின்றுவிடுவானாம். அந்த வேக்காடு வந்துவிட்டால் அது சாப்பிடத் தகுந்த உணவு. அதற்குமேல் தணலைக் கிளறத் தேவையில்லை. சட்டியைக் கொதிக்கவைத்துப் பாதி வேகவிட்டு, பிறகு மூடிவைக்கும் பழக்கத்துக்கு இப்படி ஒரு திருடன் அளவுகோல் ஆனான்.

சூடான சாப்பாடு காலப்போக்கில் சமயச் சச்சரவாகவே மாறியது. எட்டாம் நூற்றாண்டுக்குப் பின் பரவிய காரைட் என்ற யூதப் பிரிவினர் ஓய்வுநாளில் தீ எரியவே கூடாது என்று வாதித்தார்கள். முன்கூட்டியே மூட்டிய விளக்கும் அடுப்பும்கூட ஆகாது என்றார்கள். இருட்டில் அமர்ந்து ஆறிய உணவைச் சாப்பிட்டார்கள். யூத மதகுருக்களான ரபிகள் இதை எதிர்த்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் தென் பிரான்ஸில் வாழ்ந்த ரபி செராகியா ஹாலேவி, ஓய்வுநாளில் சூடான உணவை மறுப்பவரின் நம்பிக்கையைச் சந்தேகிக்க வேண்டும் என்றே எழுதினார். அடுத்த நூற்றாண்டில் வியன்னாவைச் சேர்ந்த ரபி ஐசக் பென் மோசே, தாம் பிரான்ஸில் மாணவராக இருந்தபோது ஆசிரியர் வீட்டில் ஓய்வுநாள் சட்டியைக் கண்டதைப் பதிவு செய்தார். சோலண்ட் என்ற பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடம் அது.

ஸ்பெயினில் இதே பண்டம் அடாஃபினா எனப்பட்டது. கொண்டைக்கடலை, கறி, முட்டை, கீரை எல்லாம் சேர்ந்து இரவு முழுவதும் தணலில் கிடக்கும். 1492-இல் யூதர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். மதம் மாறித் தங்கியவர்களையும் சமய விசாரணை மன்றம் விடவில்லை. வெள்ளிக்கிழமை சட்டி ஏற்றி சனிக்கிழமை இறக்கினார்களா என்பது அங்கே சாட்சியம் ஆனது. வேலைக்காரர்களும் அண்டை வீட்டாரும் அந்தச் சட்டியைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒரு குழம்பு வெந்த நேரம் ஒரு குடும்பத்தின் உயிருக்கு உலை வைக்கும் காலமும் இருந்திருக்கிறது.

துரத்தப்பட்டவர்களில் பலர் மொராக்கோவில் குடியேறினார்கள். அங்கே ஓய்வுநாள் சட்டி தெருவின் பொது அடுப்புக்குப் போனது. மராகெஷ் நகரத்து முஸ்லிம்களிடமும் இதற்கு நெருங்கிய ஒரு சமையல் உண்டு. தாஞ்சியா என்ற குறுகிய கழுத்துள்ள மண்ஜாடியில் கறி, பூண்டு, சீரகம், ஊறவைத்த எலுமிச்சை, கொஞ்சம் எண்ணெய் எல்லாம் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டுவார்கள். பொதுக் குளியல்கூடத்துக்கு வெந்நீர் போடும் உலையின் சாம்பலில் அதைப் புதைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். ஆண்கள் சமைக்கும் பண்டம் என்றே அதற்குப் பெயர். வேலை முடிந்து வரும்போது கறி எலும்பைவிட்டுக் கழன்றிருக்கும்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பியூரிட்டன் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் தங்கள் ஓய்வுநாளுக்காக இதையே செய்தார்கள். சனிக்கிழமை பீன்ஸ் பானைகளை ரொட்டிக்கடை அடுப்புக்கு அனுப்பினார்கள். வெள்ளை பீன்ஸ், உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, கரும்புப்பாகின் கசடான மொலாசஸ் மூன்றும் சேர்ந்தது பாஸ்டன் பீன்ஸ். மொலாசஸில் இருக்கும் புளிப்பும் சுண்ணாம்புச் சத்தும் பீன்ஸின் தோலை இறுக்கிப் பிடிப்பதால், எத்தனை மணி நேரம் கிடந்தாலும் அது கூழாவதில்லை. பருப்பு வேகுமுன் புளி ஊற்றக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதன் மறுபக்கம் இது.

இவ்வளவு ஊர்களிலும் பொதுவாக இருப்பது பாத்திரத்தைவிட அடுப்பின் நடத்தைதான். ரொட்டி வேக அடுப்பின் உள்தளம் 200 டிகிரி செல்சியஸுக்குமேல் இருக்க வேண்டும். ரொட்டியை எடுத்த பிறகும் கனத்த செங்கல் சுவர் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை வைத்திருக்கும். சட்டி உள்ளே போனதும் முதல் சில மணி நேரம் கொதிக்கும். பயறு முழுமையாக வேகும். மேற்பரப்பு சிவந்து வாசனை ஏறும். பிறகு சூடு இறங்கத் தொடங்கும். இறங்கும் சூட்டில்தான் கடினமான கறியின் மாற்றம் நிகழ்கிறது. நெஞ்சுக்கறி, முன்னங்கால், வால் போன்ற உழைத்த தசைகளில் கொலாஜன் என்ற இணைப்புத்திசு நிறைய இருக்கும். 70 டிகிரியைத் தாண்டிய ஈரச்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அது கரைந்து ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் தட்டில் கட்டியாக உறைவது அதனால்தான். ஏழைகளுக்குக் கிடைத்த மலிவான கறி, பொறுமையான அடுப்பில் பணக்காரச் சாப்பாடாக மாறியது.

வீட்டில் செங்கல் அடுப்பு இல்லாதவர்கள் மிஷ்னா சொன்ன வழிக்குத் திரும்பினார்கள், அந்த நூலை அறியாமலே. 1867-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் நார்வேயைச் சேர்ந்த யோகான் சோரன்சன் ஒரு பெட்டியைக் காட்டினார். கொதித்த பாத்திரத்தை அதற்குள் வைத்து மூடினால், தீயே இல்லாமல் மிச்ச வேக்காடு நடக்கும். வீடுகளில் இதையே மரப்பெட்டிக்குள் வைக்கோல் திணித்துச் செய்துகொண்டார்கள். இரண்டு உலகப் போர்களின்போதும் பிரிட்டனில் எரிபொருளைச் சேமிக்க வைக்கோல் பெட்டியைப் பயன்படுத்தும்படி பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடைகளில் தீயில்லாச் சமையல் பெட்டிகள் விற்றன. அவற்றில் மாக்கல் வட்டுகளை அடுப்பில் காயவைத்துப் பாத்திரத்துக்குக் கீழும் மேலும் வைப்பார்கள். நம் ஊர்க் கல்சட்டியும் அதே மாக்கல்தான். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கல்சட்டியில் வற்றல்குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது விளங்கும்.

இந்தியாவிலும் அதே காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. மருத்துவரும் வழக்கறிஞருமான இந்துமாதவ் மல்லிக் 1910-இல் கல்கத்தாவில் இக்மிக் குக்கரை உருவாக்கினார். உருளைக்குள் அடுக்கடுக்காகப் பாத்திரங்கள், அடியில் கரி. சோறும் பருப்பும் காயும் ஒருசேர வைத்துவிட்டு வேலைக்குப் போய் வரலாம். குடும்பத்தைவிட்டு நகரத்தில் தங்கியிருந்த ஆண்களுக்கு அது பெரிய துணையாக இருந்தது.

நாக்ஸன் இந்த வரிசையில் வந்தவர். 1902-இல் நியூ ஜெர்சியில் பிறந்தார். அப்போது குடும்பப் பெயர் நகும்சோன். அஞ்சல்வழியில் மின்பொறியியல் படித்தார். காப்புரிமை வழக்கறிஞருக்கான தேர்வையும் எழுதித் தேறினார். தன் கண்டுபிடிப்புகளுக்குத் தானே விண்ணப்பம் எழுத முடிந்ததால் அவர் பெயரில் ஏறத்தாழ 200 காப்புரிமைகள் சேர்ந்தன. கட்டடத்தின்மேல் செய்தி எழுத்துகள் ஓடும் மின்பலகையும் அவர் வேலை செய்த பொருள்களில் ஒன்று. சிகாகோவின் கோடையில், குளிர்சாதனம் இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டினால் உள்ளே இருக்க முடியாது. வீட்டைச் சூடாக்காமல் சட்டியை மட்டும் சூடாக்க வேண்டும் என்று யோசித்தபோது அம்மா சொன்ன ரொட்டிக்கடைக் கதை கைகொடுத்தது.

காப்புரிமை கிடைத்த பதினேழாவது மாதம், 1941 ஜூனில், ஜெர்மன் படைகள் வில்னாவுக்குள் நுழைந்தன. நகரில் ஏறத்தாழ 60,000 யூதர்கள் இருந்தார்கள். அருகிலிருந்த போனரி காட்டில் அவர்களில் பெரும்பாலோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எஞ்சியோர் அடைக்கப்பட்டிருந்த சேரி 1943 செப்டம்பரில் காலி செய்யப்பட்டது. வெள்ளிக்கிழமை சட்டி தூக்கிச் சென்ற சிறுமிகளும், அடுப்பு வாய்க்குக் களிமண் பூசிய ரொட்டிக்கடைக்காரர்களும், அந்தத் தெருக்களின் வாழ்வும் அதோடு இல்லாமல் போயின. அங்கே கற்ற ஒரு சமையல் முறை சிகாகோவில் ஓர் இயந்திர வரைபடமாகத் தப்பியிருந்தது என்பதை எண்ணும்போது அந்தச் சாதாரணப் பாத்திரத்தின்மேல் தனி மதிப்பு வருகிறது. ஜெர்மன் ஒலியுள்ள பெயர் போர்க்காலத்தில் இடைஞ்சல் ஆனதால் நகும்சோன் 1945-இல் நாக்ஸன் ஆனார்.

அவர் தன் பாத்திரத்துக்கு நாக்ஸன் பீனரி என்று பெயர் வைத்தார். பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரம் என்றே விற்றார். சிற்றுண்டிக் கடைகள் வாங்கின. பெரிய வரவேற்பு இல்லை. 1970-இல் ஓய்வுபெற முடிவு செய்து நிறுவனத்தை கன்சாஸ் சிட்டியிலிருந்த ரைவல் நிறுவனத்துக்கு விற்றார். வாங்கிய சரக்கோடு சரக்காக வந்த இந்தப் பாத்திரத்தை ரைவல் முதலில் பொருட்படுத்தவில்லை. நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் வேலை பார்த்த பெண்கள்தான் இதில் பீன்ஸ் மட்டுமல்ல, கறியும் கோழியும் சூப்பும்கூட வேகும் என்று செய்து காட்டினார்கள். வடிவத்தை மாற்றி, க்ராக்-பாட் என்று பெயரிட்டு, 1971-இல் சிகாகோ வீட்டுப் பொருள் கண்காட்சியில் வைத்தார்கள்.

காலம் பொருந்தி வந்தது. அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சாப்பாடு தயார் என்ற வாக்குறுதி அவர்களுக்கு நேராகச் சென்று சேர்ந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடி மின்சாரச் சிக்கனத்தை வீட்டுக் கவலையாக்கியது. உள்பாத்திரத்தைத் தனியே கழற்றிக் கழுவும் வசதி 1974-இல் வந்தது. 1971-இல் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975-இல் 9 கோடியே 30 லட்சம் டாலரானது. அதே 1975-இல் மேபல் ஹாஃப்மன் எழுதிய ‘க்ராக்கரி குக்கரி’ என்ற சமையல் புத்தகம் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. 1980-களில் மைக்ரோவேவ் அடுப்பு பரவி இந்த ஆரவாரத்தை அடக்கியது. ஆனால் பாத்திரம் மறையவில்லை.

பெருவெற்றியின் வேகத்தில் ஒன்று விடுபட்டுப்போனது. வில்னாவின் சட்டி, நார்வேயின் பெட்டி, கல்கத்தாவின் குக்கர் எதுவானாலும் தொடக்கத்தில் நல்ல சூடு இருந்தது. மின்பாத்திரமோ பச்சைப் பொருள்களை வாங்கிக்கொண்டு, கொதிநிலையை நெருங்கவே பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான பாத்திரங்களில் குறைந்த சூடு, அதிகச் சூடு என்ற இரண்டு குமிழ் நிலைகளும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தொடுகின்றன. அங்கே போய்ச் சேரும் நேரம்தான் மாறுகிறது. ஆகவே, அடுப்பு கொடுத்த அந்தத் தொடக்கச் சூட்டைச் சமைப்பவரே கொடுத்தாக வேண்டும்.

வெங்காயத்தையும் மசாலாவையும் வாணலியில் வதக்கி, கறியைச் சிவக்கப் பிரட்டிய பிறகு போட்டால் பச்சை வாசனையும் சப்பென்ற சுவையும் போய்விடும். குளிர்ந்த நீருக்குப் பதில் கொதிநீர் ஊற்றலாம். உறைந்த கறியை அப்படியே போடக்கூடாது. 5-லிருந்து 60 டிகிரிவரையுள்ள சூட்டில் கிருமிகள் பெருகும், அந்த எல்லையை உணவு விரைவில் தாண்ட வேண்டும். ராஜ்மா விஷயத்தில் இது சுவையோடு நிற்பதில்லை. பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சு உண்டு. மந்தமான சூட்டில் அது அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே மின்பாத்திரத்துக்குப் போக வேண்டும். ரொட்டி அடுப்பு இந்த வேலையைத் தானாகச் செய்துகொடுத்தது.

மற்ற விதிகளும் அந்தக் களிமண் பூசிய அடுப்பு வாயிலிருந்தே வருகின்றன. மூடியைத் திறந்தால் போன சூடு திரும்ப 15 முதல் 20 நிமிடம் ஆகும். மூடிக்குள் ஆவி சுற்றுவதால் நீர் வற்றாது, வழக்கத்தைவிடக் குறைவாகவே ஊற்ற வேண்டும். பாத்திரம் பாதிக்குமேல், முக்காலுக்குக் கீழ் நிறைந்திருக்க வேண்டும். உருளைக்கிழங்கும் கேரட்டும் கறியைவிட மெதுவாக வேகும். அவை அடியிலும் ஓரத்திலும், கறி அவற்றின்மேல். கோழி மார்புக்கறி இதற்கு ஆகாது, வறண்டுவிடும்; தொடைக்கறி, ஆட்டுக்கால், வால், நெஞ்செலும்பு நன்றாக வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள தமிழ் வீடுகளில் பாயாவும் எலும்புக் குழம்பும் இதில் வேகின்றன. அங்கே கைப்பழக்கம் வந்தவர்கள் புளியைக் காய் வெந்த பிறகும், தேங்காய்ப்பாலைக் கடைசி அரை மணி நேரத்திலும் சேர்க்கிறார்கள். தாளிப்பை இறக்கிய பின் கொட்டுகிறார்கள்.

நாக்ஸன் 1989-இல் காலமானார். அவருடைய பாத்திரம் அதற்குள் யூதர்களின் ஓய்வுநாள் சமையலறைக்கே திரும்பியிருந்தது. அங்கே ஒரு புதிய சிக்கல் எழுந்தது. உள்பாத்திரத்தைச் சுற்றிலும் சூடான சுவர் அணைத்திருக்கிறது. அது சூட்டைக் காக்கிறதா, கூட்டுகிறதா? கூட்டுகிறது என்றால் எருவிலும் பிண்ணாக்கிலும் புதைப்பதற்கு இருந்த பழைய தடை இதற்கும் பொருந்தும். சில ரபிகள் கூடாது என்றார்கள். சிலர் மூடி திறந்த வெளியில் இருப்பதால் அது புதைத்தது ஆகாது, குற்றமில்லை என்றார்கள். கண்டிப்பான வீடுகளில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அலுமினியத் தாளை உருண்டைகளாகச் சுருட்டி உறையின் அடியில் போட்டு, உள்பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தார்கள். விளிம்பு வெளியே தெரிந்தால் அது சூட்டுக்குள் புதைத்த பாத்திரம் ஆகாது. வெள்ளிக்கிழமை மாலை பயறும் பார்லியும் கறியும் கொதித்த பிறகு அந்த உருண்டைகளின்மேல் ஏற்றிவைத்து மூடுகிறார்கள். சனிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு இறக்குகிறார்கள்.